உள்விசாரணை

கையில் முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன், மடியில் ஒரு வெள்ளைத்தாள். தாலுகா ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்திருந்த கனிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. டோக்கன் என்பது ஆளை நம்பராக்கும் வேலை என்று அவரே ஒரு காலத்தில் நோட்டீஸ் போட்டிருக்கிறார். பீடிக்கடையில் பாஸ் புத்தகத்து நம்பரைச் சொல்லிக் கூப்பிடாதே, பேரைச் சொல்லிக் கூப்பிடு என்பது எண்பத்தி மூன்றாம் வருஷத்துக் கோரிக்கைகளில் நாலாவது. நாலாவதா, ஐந்தாவதா. ஐந்தாவது குடிதண்ணீர்ப் பானை. பானை வந்தது, பேர் வரவில்லை. இப்போது இவருக்கும் நம்பர்தான், இருபத்தி மூன்று வரைக்கும் போயிருக்கிறது, நடுவில் இன்னும் ஏழு பேர். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் டோக்கன் கொடுக்கும்போதே தலையை நிமிர்த்தாமல் சொல்லியிருந்தாள், "தாத்தா, வாயில சொன்னா ஆகாது. போன வாரம் சிஸ்டர் வீட்டுக்கு வந்து பாத்து, வலி இல்லைன்னு எழுதியிருக்காங்க. அதை மாத்தணும்னா ஒரு வேண்டுகோள் எழுதிக் குடுங்க." தாத்தா. அதைக்கூட விழுங்கிவிடலாம். வேண்டுகோள்தான் தொண்டையில் நின்றது. அறுபத்தி மூன்று வயசுக்குள் அவர் எழுதிய மனுக்களை அடுக்கினால் இந்த வராந்தாவின் உத்தரத்தை இடிக்கும். தாசில்தாருக்கு, லேபர் ஆபீசருக்கு, கலெக்டருக்கு, டெல்லிக்கு. ஒன்றில்கூட வேண்டுகோள் கிடையாது. கோருகிறோம், வலியுறுத்துகிறோம், எச்சரிக்கிறோம். பீடி சுற்றும் பெண்கள் யாரிடமாவது எழுதி வாங்கிக்கொண்டு வரும் மனுக்களில் 'தாழ்மையுடன்' என்று ஒரு சொல் முதல் வரியிலேயே முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் அதைத்தான் அடிப்பார். நீ எதுக்குமா தாழணும், உன் கையால சுத்தினதை அவன் விக்குதான், அவன் தாழட்டும். அந்தப் பேனா இப்போதும் பையில் இருக்கிறது. நீலப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு சிவப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு யாராவது சிவப்பில் எழுதுவார்களா. எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் என்று போட்டதும் கை தன்னால் ஓடியது: 'உடனடியாக வலி மருந்து வழங்கக் கோருதல் தொடர்பாக.' எழுதிவிட்டுப் பார்த்தார். தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கீழே காரணம் எழுத வேண்டுமே. காரணம் என்னவென்று எழுதுவது. என் தாயார் பொய் சொல்லிவிட்டார் என்றா. ஏன் சொன்னார் என்று அடுத்த வரி கேட்குமே.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். நர்ஸ் ஜெபசெல்வி வந்தாள், முப்பத்தைந்து வயதுக்காரி, கழுத்தில் அட்டை, தோளில் பை, கையில் நீளமான நோட்டு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "ஆச்சி, எப்படி இருக்கீங்க" என்று பாயோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் இனிமேல் இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கர்ப்பப்பையில் ஆரம்பித்தது முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. மனைவி கோமுவுக்கு அந்தச் சீட்டுதான் சாமி. மாமியாரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, அவள் இடுப்பே போய்விட்டது. யாராவது வந்து எப்படிப் புரட்டணும் என்றாவது சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெபசெல்வி வந்த நேரம் பார்த்து கோமு ரேஷன் கடையில். நர்ஸ் நோட்டை விரித்தாள். முதுகு வலிக்கா ஆச்சி? ஆவுடையம்மாள் அவளுடைய பேனா முனையைப் பார்த்தாள். "இல்ல." ராத்திரி வலியில முழிப்பு வருதா? "இல்ல." புண்ணு கிண்ணு? "இல்ல." பத்து வரைக்கும் நம்பர் வச்சா உங்க வலிக்கு எத்தனை குடுப்பீங்க? "ஒண்ணுங் கிடையாது." நர்ஸ் சிரித்தாள். "ஆச்சி, உங்க பேரு ஆவுடையம்மாள்தானே?" அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது." கனி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கடைசிப் பதிலைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சு விரிந்தது. அதுதான், அந்த இடம்தான், ஒரு வாரமாக அவரைக் குடைகிறது. அவருக்குப் பெருமையாக இருந்தது. வாயைத் திறந்து, இல்லம்மா நர்ஸம்மா, எங்கம்மாவுக்கு வலி தாங்கல என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் இடத்தில் ஒரு இளிப்பு இளித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் கட்டத்துக்குக் கட்டம் 'இல்லை' என்று நிரப்பி, சாதாரண காய்ச்சல் மாத்திரையில் இரண்டு அட்டை கொடுத்துவிட்டு, அடுத்த மாசம் வாறேன் என்று போனாள். அவள் செருப்பு மாட்டும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அம்மா தலையைத் திருப்பினாள். வேர்த்திருந்தது. உதட்டில் பல் பட்ட தடம். "எய்யா," என்றாள், "ஒண்ணும் ஒத்துக்கலைல்லா?"

இருபத்தி நாலு. ஒரு ஆட்டோக்காரர் தன் தகப்பனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். அது எண்பத்தி ஏழாம் வருஷம், ஆவணி மாசம். ஆவணிதான், மழை இல்லை, பீடிக்கடைக்கு முன்னால் தகரப் பந்தல் கொதித்தது. பீடி இலை லாரியை மறித்தார்கள் என்று பதினோரு பெண்களின் பாஸை ரத்து செய்து வேலையை விட்டு நிறுத்துவதற்குக் கம்பெனி உள்விசாரணை வைத்தது. குற்றம் சாட்டுகிறவனே நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்பும் சொல்லுகிற விசாரணை. அதற்கு முந்தின மூன்று நாளும் சங்க அலுவலகத்தில் கனிதான் பாடம் எடுத்தார். எழுதுறவன் முன்னால வாயைத் திறக்கக் கூடாது. அவன் உங்ககிட்ட கேக்குறது தெரிஞ்சுக்கிறதுக்கு இல்ல, உங்க வாயால ஒத்துக்க வைக்கிறதுக்கு. லாரி வந்துதான்னு கேப்பான், இல்ல. பாத்தியான்னு கேப்பான், இல்ல. சிரிச்சுப் பேசுவான், சாப்பிட்டியான்னு கேப்பான், அதுக்கும் இல்ல. எதுக்கும் இல்ல, மிஞ்சினா தெரியாது. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார், அம்மாவையும்தான். அம்மா என்று சலுகை கிடையாது, சங்கத்தில் அவள் தோழர் ஆவுடையம்மாள், உறுப்பினர் எண் பதினேழு. விசாரணை அன்றைக்கு முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். மேனேஜர் சாதாரணமாக ஆரம்பித்தார், உன் பேரு ஆவுடையம்மாள்தானே. அம்மா அசையாமல் நின்று, தெரியாது என்றாள். மேனேஜரின் பேனா நின்றுவிட்டது. வெளியில் தகரத்தின் இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் ஊளையிட்டது. எழுத ஒன்றும் கிடைக்காமல் பதினோரு பாஸும் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தக் கதையைச் சொல்லாத மேடை கிடையாது அவருக்கு. கடையத்தில், ஆலங்குளத்தில், தென்காசி பஸ் நிலையத்துக்கு வெளியே. பேரைக்கூட ஒத்துக்கொள்ளாத தாய். கைதட்டல் எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும், அங்கே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். கைதட்டினவர்கள் எங்கே. பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள், பாதிப் பேர் வேறு கொடி பிடித்தார்கள், மூன்று பேர் அவர் முகத்துக்கு நேராகவே, உம்மை நம்பி என்ன கண்டோம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சந்தா கட்டுகிறவர்கள் நின்றுபோய் எட்டு வருஷம். லெட்டர் பேடு மட்டும் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது. எல்லோரும் போன பிறகும் கட்டுப்பாட்டை மீறாத உறுப்பினர் ஒருத்திதான் மிச்சம். பதினேழாம் நம்பர். அவள் பாயில் கிடக்கிறாள், இன்னும் விசாரணையில் நிற்கிறாள்.

"ஏய், யாரு, செயலாளரா? வரிசையிலயா உக்காந்திருக்கீரு?" பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த நவநீதன். சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருக்கிறார். "எத்தனை தடவை என் கடை ஷட்டரை இழுத்து மூடச் சொல்லியிருப்பீரு. இப்பவும் ஒரு குரல் குடுமேன், இந்தக் கவுண்டரை இழுத்து மூடிட்டு முதல் ஆளா நம்மளை விடுவாங்க." கனி சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார். "யாருக்கு, உமக்கா?" என்றார் நவநீதன். "அம்மாவுக்கு." நவநீதன் முகத்திலிருந்து கேலி இறங்கியது. "ஆவுடையக்காவுக்கா? என்ன செய்யுது?" "ஒண்ணுமில்ல," என்றார் கனி, "சும்மா, பலவீனம்." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒண்ணுமில்ல. இதையும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார். தாளைப் பார்த்தார். அனுப்புநர் என்ற இடத்துக்குக் கீழே 'கனி' என்று மட்டும் எழுதியிருந்தது. இங்கே அது செல்லாது, ஆதாரில் இருக்கிற பேர்தான் வேண்டும். பிச்சைக்கனி. இவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது ஆவுடையம்மாள் முந்தானையை விரித்து ஏழு வீட்டு வாசலில் நின்று அரிசி வாங்கினாள். ஏழு வீட்டு அரிசியில் காய்ச்சின கஞ்சி. பிள்ளை தங்கிற்று, பேரும் தங்கிற்று. இருபது வயதில் முதல் நோட்டீஸ் அடிக்கும்போது முன்பாதியை வெட்டி எறிந்தார். கையேந்தாதே என்று எழுதுகிறவன் பேரிலேயே பிச்சை இருந்தால் அச்சுக்கோக்கிறவனே சிரிப்பான். அம்மா நோட்டீஸை வாங்கி விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள், அவளுக்கு வந்த படிப்பு நோட்டீஸ் படிப்புதான், கடைசிவரி வரைக்கும் வந்து, கனி, என்றாள். நல்லாத்தான் இருக்கு எய்யா, என்றாள். ஏழு வாசல். எந்தெந்த வீடு என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா. முதல் வாசலில் என்ன சொல்லிக் கேட்டிருப்பாள். அம்மா, தாயே என்றா. கேட்கத் தெரியாதவள் இல்லையே அவள். கேட்கத் தெரிந்தவளுக்கு மறக்கடித்தது யார்.

இருபத்தி எட்டு. தாளில் கோடு போட்டு அடித்தார், மறுபக்கம் திருப்பினார். முந்தாநாள் மத்தியானம் கோமு அடுப்படியிலிருந்து வெளியே வந்து இவர் முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை. "கேக்குதா?" என்றாள். கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. வலி வரும்போது அம்மா முனகுவதில்லை, எண்ணுகிறாள். விரல்கள் வெறும் காற்றில் இலையை உருட்டி, தூளை வைத்து, நுனியை மடக்குகின்றன. இருபத்தி அஞ்சு வரைக்கும் போகும், ஒரு கட்டு, மறுபடி ஒண்ணு. நாற்பது வருஷம் சுற்றின கணக்கு. முதலில் அவர் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தார். கோமுதான் கண்டுபிடித்தாள், அவளும் பீடி சுற்றியவள்தானே. "காலைல ரெண்டு கட்டு, இப்ப ஆறாவது ஓடுது. போன வாரம் ஒரு கட்டுல நின்னுரும். உங்க சங்கத்து வீரத்தை எல்லாம் இந்தப் பாய்க்கு மேல கொண்டு வராதீங்க, சொல்லிட்டேன். அவங்க வாயைத் திறக்க வைக்கிறது உங்க பொறுப்பு." அவர் போய் பாயோரம் உட்கார்ந்தார். "அம்மா, நர்ஸ் வந்தா வலிக்குன்னு சொல்லு. நல்ல மருந்து இருக்காம், குடுப்பா." கண்ணைத் திறக்காமல் அம்மா கேட்டாள், "அவ எழுதுதால்லா?" "எழுதத்தான செய்வா." "எழுதுதவ முன்னால எப்படி எய்யா வாயைத் திறக்க." பதினெட்டு, பத்தொன்பது. "ஒத்துக்கிட்டா கட்டில்ல தூக்கிப் போட்டுக் கொண்டு போயிருவாவ. உன்னையும் உள்ள விடமாட்டாவ. நீ போ, நான் பாத்துக்கிடுதேன்." நான் பாத்துக்கிடுதேன் என்றாள், எண்பத்தி நாலு வயசில், முதுகெலும்பில் தீயை வைத்துக்கொண்டு. அவர் எழுந்து புறவாசலில் போய் நின்றார். ஊரெல்லாம் கேட்கும்படி பேசத் தெரிந்த வாய். ஒரு கிழவியை வலிக்கிறது என்று சொல்ல வைக்க அதற்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்று என்று கூப்பிடவில்லை. "பிச்சைக்கனி யாரு?" என்று கூப்பிட்டார்கள். நாலாவது கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று மனசின் ஒரு மூலை கேலி பண்ணியது. உள்ளே ஜெபசெல்வி, அதே நீள நோட்டு. "வாங்க அண்ணாச்சி, ஆச்சி எப்படி இருக்காங்க?" அவர் தாளை நீட்டினார். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, எல்லாம் சிவப்பு. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோரிக்கைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்தது. கடைசியில் 'நோயாளிக்கு உறவு' என்று கவுண்டர்ப் பெண் எழுதச் சொன்ன இடத்தில், எப்போது எழுதினார் என்று அவருக்கே தெரியவில்லை, பொதுச்செயலாளர் என்று இருந்தது. ஜெபசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணாச்சி, அம்மாவுக்கு மகன் நீங்கதானே?" 'தெரியாது' என்றுதான் அவர் வாயில் வந்தது. தலையை மட்டும் ஆட்டி, பொதுச்செயலாளரை அடித்து, 'மகன்' என்று எழுதினார். மூன்றெழுத்தும் கோணிப்போய், மேலேயே இன்னொரு தடவை எழுதினார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த எழுத்தைப் பார்த்தாள். "நீங்க தூங்குதீங்களா?" "ஆங்." "வீட்டுல உதவிக்கு ஆள் இருக்கா?" "இருக்கு." "உங்க வீட்டு அக்காவுக்கு உடம்பு முடியுதா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." "உங்களுக்கு எதுவும் கஷ்டம்?" "இல்ல." அவள் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள். நோட்டையும் மூடினாள். "அப்ப எதுக்கு அண்ணாச்சி வந்தீங்க?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. மூடின நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இன்னொரு பேரைக் கூப்பிட்டார்கள். நாற்பது வருஷமாக எதிரில் உட்கார்ந்தவன் பேனாவை மூடி அவர் பார்த்ததில்லை. "காலைல," என்றார். "காலைல ஏழு கட்டு." "என்னது?" "எண்ணுதா. வலி வந்தா பீடி எண்ணுதா. இருபத்தி அஞ்சு எண்ணினா ஒரு கட்டு. போன வாரம் ஒண்ணு ரெண்டு. இன்னிக்கு நான் கிளம்புறதுக்குள்ள ஏழு. கோமுவுக்கு இடுப்பு போச்சு. என்னால ஒண்ணும் செய்ய முடியல. எங்கம்மாவுக்கு வலி இருக்கு. ஆமா. இருக்கு." ஜெபசெல்வி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். பிறகு, "எங்கம்மாவும் சுத்தினவங்கதான்," என்றாள், "ஏழு கட்டுன்னா ரொம்பல்லா." நோட்டைத் திறந்தாள். "மூணு மணிக்கு வாறேன். அக்காவுக்குப் புரட்டுறது எப்படின்னு காட்டுதேன். டாக்டரையும் கேட்டு வைக்கேன், வலிக்கு மார்பின்னு ஒரு மருந்து ஆரம்பிக்கணும். ஆனா அண்ணாச்சி, எவ்வளவு குடுக்கணும்கிறது அவங்க சொல்லுறதை வச்சுத்தான். வலி எங்க, எப்ப, எத்தனைன்னு அவங்க வாயில வரணும். திரும்பவும் இல்லன்னாங்கன்னா நான் என்ன எழுத?"

மூன்று மணி. இப்போது பதினொன்றரை. வெளியே வேப்ப மரத்தடியில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார். போய் என்ன சொல்லுவது. நான் மகன் சொல்லுதேன், வலிக்குன்னு சொல்லும்மா என்றால் முந்தாநாள் மாதிரியே நீ போ எய்யா என்பாள். மகன் சொல்லி அவள் கேட்ட காரியம் ஒன்று உண்டா. வெயிலில் போகாதே என்றால் கேட்டாளா, புகையிலையை விட்டாளா. செயலாளர் சொன்னதைத்தான் கேட்டாள். அதிலும் வாயால் சொன்னால் பாதிதான். ஒரு தடவை கம்பெனிக்காரன் சங்கத்தின் பேரிலேயே, போராட்டம் முடிந்துவிட்டது, எல்லோரும் வேலைக்குத் திரும்புங்கள் என்று கள்ள நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டான். பாதித் தெரு கிளம்பிவிட்டது. ஆவுடையம்மாள்தான் முச்சந்தியில் மறித்து நின்றாள்: கீழே பாருங்கட்டி, செயலாளர் கையெழுத்து எங்க. அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அவள் விரல் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். ஒரு அறிவிப்பு வந்தால் நம்புவாள். கையெழுத்து இருந்தால் நம்புவாள். பையில் கையை விட்டார். பழைய லெட்டர் பேடின் ஒரு தாள், நாலாக மடித்தது, எதற்கோ எப்போதோ வைத்தது. சங்கத்தின் பேரும் பதிவு எண்ணும் தலையில் மங்கலாக இருந்தன. முழங்காலில் வைத்து நீவினார். உறுப்பினர்களுக்கு அறிவிப்பு என்று எழுதினார். சிவப்பு இப்போது சரியாக இருந்தது, அறிவிப்பு என்றால் சிவப்புதான். 'இன்று மாலை மூன்று மணிக்கு வருகிறவர் நிர்வாகத்தின் ஆள் அல்ல. நம் ஆள். அவருடைய தாயாரும் பீடி சுற்றியவர். அவர் எழுதினாலும் பயமில்லை. யாரையும் எங்கும் கொண்டுபோக மாட்டார்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். வலிக்கிறது என்று சொல்லலாம். அழுதாலும் சங்கத்துக்கு இழுக்கில்லை. எண்பத்தி ஏழாம் வருஷம் விதித்த கட்டுப்பாடு இன்றுடன் நீக்கப்படுகிறது. போராட்டம் வாபஸ்.' வாபஸ் என்ற சொல்லில் பேனா நின்றது. அவர் கையால் எழுதிய வாபஸ்கள் ஆறோ ஏழோ இருக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொன்றிலும் அதற்கு அடுத்த வரி ஒன்றேதான், கோரிக்கைகள் வென்றன, வெற்றி வெற்றி என்று, மூன்று ஆச்சரியக்குறியோடு. அம்மா அந்த வரியை எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள். விரல் அங்கே வந்து நிற்கும், தேடும். ஒரு வேப்பம்பழம் தாளில் விழுந்து உருண்டது. தள்ளிவிட்டார். அந்த ஒரு வரியை எழுதாமல் இடம் மட்டும் விட்டு, அதற்குக் கீழே, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி கையெழுத்துப் போட்டார்: பிச்சைக்கனி, பொதுச்செயலாளர்.